இழுப்புக்காரி

பூரணிக்கு மூச்சு இழுப்பு உண்டு என்பது திம்புள்ளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்த வலப்பனையில் அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவளுடைய அப்பா பொய்யில் கஞ்சத்தனம் காட்டவில்லை. "எம் பொண்ணு ஒரு தும்மல் தும்மி நான் பாத்ததில்லீங்க" என்று அடித்துவிட்டார். உள்ளே பூரணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இழுப்புக்காரி என்று லயத்து வரிசை வீடுகளில் ஒரு தடவை பெயர் விழுந்துவிட்டால் போதும், பிறகு பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனு எழுதித் தர ஆள் தேடித் தோட்டமே அலைந்துகொண்டிருந்த வருஷம் அது. அந்த அமளியில் அழகுமுத்துவுக்கும் அவளுக்கும் கல்யாணம் முடிந்தது. அம்மா ஒரு குப்பி மாத்திரையைச் சேலை மடிப்புக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

மூச்சு முட்டுகிற நாட்களில் பூரணி மலைநீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் ஒன்றை விழுங்கிக்கொள்வாள். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் வயிற்றில் பிள்ளை தங்கியதும் பயம் வந்துவிட்டது. லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்த அழகம்மா எல்லாம் தெரிந்தவள்போல் பேசுகிற ரகம். "மாசமா இருக்கறவ மாத்திரைய கையால தொடக்கூடாதுடி. புள்ள நொண்டியோ முடமோ, யாரு கண்டா?" என்று யாரைப் பற்றியோ சொன்னாள். அன்றைக்கே பூரணி குப்பியைச் சாக்கடைக் கானில் எறிந்துவிட்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் முத்துலிங்கம் ஐயாவைக் கேட்டிருக்கலாம். மருந்து கட்டுகிறவர்தான் என்றாலும் எல்லாருக்கும் அவர் டாக்டர் ஐயா. கெட்டிக்காரர், ஆனால் ரகசியம் பேசத் தெரியாத தொண்டை. "என்னம்மா, வயித்துப்போக்கா?" என்று அவர் விசாரித்தால் எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரிடம் போய் இழுப்பு என்று சொல்வதும் எல்லாரும் வேலைக்கு அணி நிற்கிற பெரட்டுக் களத்தில் நின்று கத்துவதும் ஒன்றுதான். அதனால் போகவில்லை. பிள்ளைக்காகத்தான் மருந்தை விட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மறுபாதி வெட்கம். சரியாகப் பங்கு போட்டால் வெட்கத்தின் பங்குதான் பெரியது.

வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் மாமியார் காளியாயி ஒரு காரியம் செய்தாள். கணக்கப்பிள்ளையைப் போய்ப் பார்த்து, கெஞ்சி, மருமகளுக்கு ஸ்டோரில் வேலை வாங்கிவிட்டாள். ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற ஆலை. மழையில்லை, பனியில்லை, கூடை சுமக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் காய்ந்த தூளில் குச்சி பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். காளியாயியே அங்கேதான் வேலை பார்த்தாள். "கொடுத்து வச்சவடி நீ" என்று லயத்துப் பெண்கள் பொருமினார்கள்.

தேயிலைத் தூள் தன் நெஞ்சுக்கு ஆகாது என்று பூரணிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் என்ன சொல்வது? முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சில நாள் சமாளித்தாள். ஒரு காலையில் சலிக்கிற இயந்திரத்தைப் போட்டார்கள். தூள் கிளம்பி அறையே பழுப்பானது. பூரணி இருமினாள். இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாரித்து, தரையில் கையூன்றி, வாயைத் திறந்து திறந்து மூடினாள். காற்று உள்ளே போகவில்லை.

சாக்கில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மருந்துக்கு நின்ற கூட்டம் முழுக்க வாசலை அடைத்துக்கொண்டது. முத்துலிங்கம் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். முகம் இறுகியது.

"இந்தா புள்ள, நல்லாக் கேட்டுக்க. இருதயக் கோளாறுன்னாலும் நெஞ்சு இப்படித்தான் கத்தும், இழுப்புன்னாலும் இப்படித்தான் கத்தும். அதுக்கு ஒரு ஊசி, இதுக்கு வேற ஊசி. மாத்திப் போட்டா உனக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. முன்னாடி உனக்கு இழுப்பு வந்திருக்கா?"

பூரணி வாசலைப் பார்த்தாள். அழகம்மா கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். காளியாயி தலைமாட்டில் நின்றாள். பூரணி இல்லை என்று தலையாட்டினாள்.

"நெசமாவா? ஒரு தடவகூட வரலியா?"

மறுபடியும் இல்லை என்று ஆட்டினாள். சாகக் கிடக்கிற நேரத்திலும் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத்தான் ஆடியது. முத்துலிங்கம் பெருமூச்சு விட்டு இருதயத்துக்கான மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றத் தொடங்கினார்.

"அத போட்டுராதீங்க ஐயா!" காளியாயி அவர் கையைப் பிடித்தேவிட்டாள். "இருக்கு. இழுப்பு இருக்கு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்தே இருக்கு. ஒரே காம்பராவுல, சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கறவளுக்குக் கேக்காமயா இருக்கும்?"

வாசலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முத்துலிங்கம் வேறு மருந்தை எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பூரணியின் நெஞ்சு இறங்கி ஏறத் தொடங்கியது. உதட்டில் நிறம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேவா இவளக் கொண்டுபோயித் தூளுக்குள்ள ஒக்கார வச்ச?"

காளியாயி தரையைப் பார்த்தாள். "பனிதான் ஆகாதுன்னு நெனச்சேங்க. அதான் உள் வேல கேட்டு அலஞ்சேன். தூளு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. கேக்கல. எம் மருமக சீக்காளின்னு என் வாயால ஒத்துக்க வெக்கமா இருந்திச்சு. நல்லது செய்யப் போயி கொல்லப் பாத்தேன்."

பூரணிக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தன்னை ஏமாளியாக்கியவர்களின் மகளுக்காக, இழுப்பு இருப்பது தெரிந்தே, மாமியார் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சியிருக்கிறாள். அது தெரியாமல் அவள் தலைமாட்டில் நிற்கும்போதே இரண்டு முறை பொய்யாகத் தலையாட்டியாயிற்று. எதையாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தாள்.

"ஐயா... இப்ப போட்ட ஊசியால புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதே? பயந்துதான் மாத்திரையையும் விட்டுட்டேன்."

"எங்கிட்டக் கேக்காம விட்டியாக்கும்?" முத்துலிங்கத்தின் குரல் வழக்கம்போல் வெளியே வரைக்கும் போனது. "நீ இழுக்கற காத்துதான் அதுக்கும் காத்து. ஒனக்கு மூச்சு நின்னா அது யாருகிட்டப் போயி வாங்கும்? ஊசிக்கு இவ்வளவு பயப்படறியே, ரெண்டு தரம் இல்லன்னு தலையாட்டுனப்ப அந்தப் புள்ள ஞாபகம் வந்திச்சா?"

வரவில்லை. அழகம்மாவின் கழுத்துதான் கண்ணில் பட்டது. மாமியார் என்ன நினைப்பாளோ என்ற நினைப்பு வந்தது. அப்பா சொன்ன பொய்கூட ஞாபகம் வந்தது. பிள்ளை மட்டும் வரவில்லை.

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் மாத்திரை எடுக்க உள்ளே போனார். காளியாயி வாசலில் நின்றவர்களைத் திட்டி விரட்டினாள்.

வயிற்றில் பிள்ளை அசைந்தது. அது அசையும்போதெல்லாம் பூரணி அந்த இடத்தில் கையை வைத்துக்கொள்வாள். இப்போதும் கை பாதி தூரம் போனது. பிறகு, தொடக் கூச்சப்பட்டு, அப்படியே சாக்கின்மேல் இறங்கிவிட்டது.