கோணலாக நிற்க வேண்டிய தொட்டிகள்

தொட்டிகள் வந்து இறங்கிய காலையில் அக்கா எனக்கு முன்னால் எழுந்து ஜன்னலில் நின்றிருந்தாள். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. அவள் தைப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன், பொழுது போய்விடும். அன்று மட்டும் அவள் மூச்சு விடாமல் பேசினாள்.

"டேய், எழுந்திரு. லாரி வந்துடுச்சு. செடியெல்லாம் எப்படி ஆடுது பாரு!"

பெரிய ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத வண்டிகள் எல்லாம் எங்கள் தெருவில் புகுந்துதான் தப்பிக்கும். அப்படித் தப்பித்த ஒரு பைக், போன மழைக்காலத்தில் அக்காவை இடித்துத் தள்ளியது. முழங்கை எலும்பு கூடிவிட்டது. ஆனால் எதிர்வரிசையில் இருக்கும் தன் தையல் கடைக்கு அவள் அதற்குப் பிறகு ரோட்டைத் தாண்டிப் போகவேயில்லை. மாடியில் மெஷினைப் போட்டுக்கொண்டு, மூடிய ஷட்டரைப் பார்த்தபடியே தைத்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் திரும்பக் கேட்கவில்லை. கடையை விட்டுவிடலாமா என்று அவள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள். அதுதான் எனக்கு பயம்.

அதனால், ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று நகராட்சிப் பொறியாளர் அம்மா சொன்னபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. செடித் தொட்டிகளை வைத்து வழியைக் குறுக்குவார்கள். பொழுது சாய்வதற்குள் வண்டிகளின் வேகம் குறைந்தால் தொட்டிகள் நிரந்தரம். குறையாவிட்டால் வேறு தெருவுக்குப் போய்விடும்.

தொட்டி என்றால் பாதியாக வெட்டி மண் நிரப்பிய டிரம். நாலு பேர் தள்ளினால்தான் நகரும். பொறியாளர் ரோட்டில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு வைத்திருந்தார். எங்கள் தெரு பேக்கரிக்காரர் முன்னால் நின்று கூவ, வட்டத்துக்கு ஒன்றாக வைத்து முடித்தோம். உடனே மாடியிலிருந்து அக்காவின் குரல்.

"அண்ணே, என்ன இது, கண்ணு மண்ணு தெரியாம வச்சிருக்கீங்க? ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க!"

"வட்டம் இங்கதாம்மா போட்டிருக்கு."

"அந்த மேடம் அவசரத்துல போட்டிருப்பாங்க. ஜோடி ஜோடியா எதிரெதிர வைங்க. அந்த ரெண்டாவது தொட்டிய பின்னாடி தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்!"

அக்காவின் கண்ணுக்குக் கோணல் ஆகாது. காலர் ஒரு நூல் விலகினாலும் பிரித்துப் போட்டுவிடுவாள். தெருவில் பாதிப் பேர் போட்டிருந்த சட்டை அவள் தைத்தது. அவள் கண்ணை யார் சந்தேகப்படுவார்கள்? தொட்டிகள் இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் வரிசையாக நின்றன.

"மந்திரி வர்ற மாதிரி இருக்கு!" என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் கைதட்டினோம்.

முதலில் வந்த வண்டிகள் ஊர்ந்துதான் போயின. ஒவ்வொன்றுக்கும் கூச்சல் போட்டோம். வேகம் அளக்கும் கருவியோடு வந்து இறங்கிய பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு பேர் ரோட்டோரம் நின்னா யாரா இருந்தாலும் பிரேக் போடுவாங்க. தொட்டியச் சோதிக்கணுங்க, உங்கள இல்ல. எல்லாரும் உள்ள போங்க!"

தெரு ஒரு நொடியில் காலியானது. நான் வாசற்கதவுக்குப் பின்னால். பேக்கரிக்காரர் ரொட்டி அலமாரிக்குப் பின்னால். வயிறு மட்டும் வெளியே.

ஒரு கார் வந்தது. குழாய்க்குள் தண்ணீர் பாய்வது போலப் பாய்ந்து போனது. அடுத்தது அதைவிட வேகம். செடிகள் தலை சாய்ந்து நிமிர்ந்தன. பொறியாளர் கருவியைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார், பிறகு ரோட்டில் குனிந்து பார்த்தார்.

"வட்டமெல்லாம் காலியா கிடக்கு. யாரு மாத்தினது?"

எல்லோரும் மாடியைப் பார்த்தோம். பேக்கரிக்காரர் மட்டும் நாகரிகமாக ஆகாயத்தைப் பார்த்தார்.

"நான்தான் மேடம்," என்றாள் அக்கா. "கோணலா இருந்துச்சு..."

"கோணலாதான் இருக்கணும்! வழி நேரா தெரிஞ்சா ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டுப் போவாங்க. வளைஞ்சு வளைஞ்சு போக வேண்டியிருந்தாதான் பயந்து மெதுவா வருவாங்க."

அக்கா காலியாகக் கிடந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கழுத்து வளைவு தைக்கிறப்போ பெடல்லேருந்து காலை எடுக்கிறேனே," என்றாள் மெல்ல. பிறகு கத்தினாள்: "மாத்தி வச்சா திரும்ப அளப்பீங்களா?"

"வெளிச்சம் இருக்கும்போதே வச்சா அளக்கிறேன்."

தெருவே ஓடி வந்தது. பேக்கரிக்காரர் மாவு படிந்த ஏப்ரனைக் கழற்றி வீசி வண்டிகளை நிறுத்தினார். ஹாரன்கள் அலறின. "ரெண்டு நிமிஷம்யா, பொண்டாட்டியா காத்திருக்கா?" என்று ஒரு டிரைவரை அடக்கினார். தள்ளினோம், வைத்தோம், தள்ளினோம். கடைசித் தொட்டி எதிர்வரிசையில், அக்காவின் கடைக்கு முன்னால். அது அசையவே இல்லை.

"இன்னொரு கை வேணும்!" என்று யாரோ கத்தினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு இல்லை, கழுத்தில் அளவு டேப். நின்றிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை. இறங்கி விறுவிறுவென்று வந்தாள், தோளைத் தொட்டியில் கொடுத்தாள்.

"என்னடா வேடிக்கை? தள்ளு!"

தொட்டி வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது.

"எல்லாரும் உள்ள!" என்றார் பொறியாளர். நாங்கள் எங்கள் பக்கம் ஓடினோம். அக்கா ஓடவில்லை. ஷட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்திலேயே நின்றுவிட்டாள். வண்டிகள் கிளம்பின. அவள் கண்ணை மூடிக்கொண்டது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

முதலில் ஒரு வேன். முதல் தொட்டியிலேயே அதன் பின்விளக்கு சிவந்தது. இடப்பக்கம் வளைந்தது, வலப்பக்கம் வளைந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த டிரைவரின் முகம்கூடத் தெரிகிற அளவுக்கு மெதுவாக. பின்னால் வந்த பைக்கும் அப்படியே. அடுத்த காரும். பொறியாளர் கருவியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். ரொட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு விசில் கிளம்பியது.

அவளைக் கூட்டிவர நான் ரோட்டோரத்துக்கு வந்தேன். அவள் கண்ணைத் திறந்திருந்தாள். ஷட்டரில் படிந்த தூசியில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைச் சாவிய எடுத்துட்டு வாடா! எண்ணெய் டப்பாவும். இறுகிக் கிடக்கும்!"

ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதற்குள் ஒரு டாக்சி வளைந்து வந்துகொண்டிருந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். டாக்சி நின்றது. டிரைவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் அப்போதும் நின்றேன்.

"அவர்தான் நிக்கிறாரே, இன்னும் என்னடா முழிக்கிற?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அக்கா கத்தினாள். "வா, பயப்படாம வா!"