காணாமல் போன இசட் டிரைவ்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எங்கள் ஆபீஸில் இருந்த இருபத்திரண்டு கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவ் மேல் சிவப்புப் பெருக்கல் குறி வந்து உட்கார்ந்துகொண்டது. அழுத்தினால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. ஏழு வருடமாக அது யாரிடமும் எதையும் கேட்டதில்லையாம். தோல் வாங்கிய பில்லிலிருந்து லேப் டெஸ்ட் ரிப்போர்ட் வரை இந்த ஷூ கம்பெனியின் மொத்த உயிரும் அந்த டிரைவில்தான் இருக்கிறது. இரண்டரை மணிக்கு எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மனிக்காரர்களின் ஆடிட் வேறு.

நான் இங்கே ஐடி இன்சார்ஜ். இன்சார்ஜ் என்றால் எனக்குக் கீழே யாரும் கிடையாது, எனக்கு மேலே எல்லோரும் உண்டு. விரிஞ்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஆம்பூர் வந்து போக ஆரம்பித்து மூன்று மாதம் முடியப் போகிறது. திங்கட்கிழமை என் வேலையை நிரந்தரம் ஆக்கும் கடிதம் வர வேண்டும். அதனால் அன்று காலை எனக்கு வந்த கோபம் முழுவதும் இருதயராஜ் மேல்தான்.

இருதயராஜ் எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், மூன்று மாதமாக எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். முந்தின நாள், வியாழக்கிழமைதான், ராணிப்பேட்டையில் வேறொரு ஷூ கம்பெனிக்குப் போவதற்காக இங்கிருந்து விலகினார். நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் எழுதிவைக்க மாட்டார். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று கேட்டால், "கூட வாம்மா, காட்றேன்" என்று கிளம்பிவிடுவார். இருபத்திரண்டு பேரின் ஐடியும் பாஸ்வேர்டும் எழுதிய ஒரே ஒரு தாளைத்தான் எனக்கு விட்டுப் போயிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேஜைக்கு மேஜை ஓடினேன்.

கேபிள் சரியாக இருந்தது. சுவிட்சில் பச்சை விளக்கு மின்னியது. ஃபைல்கள் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியை அணைத்துப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. என் கம்ப்யூட்டரில் மட்டும் எல்லா ஃபோல்டரும் ஒழுங்காகத் திறந்தது, ஏனென்றால் நான் அட்மின் ஐடியில் போகிறேன். ஃபைல் ஒன்றும் அழியவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தாளில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தபோது ஒன்றுகூட ஏற்கவில்லை.

"பாஸ்வேர்டை மாத்திட்டுப் போய்ட்டான்," என்றார் நயீம் அகமது. அவர் எங்கள் ஜெனரல் மேனேஜர். என் பின்னால் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "பதினோரு வருஷம் சோறு போட்ட கம்பெனி. ஆடிட் அன்னைக்குப் பார்த்து வேலையக் காட்டிட்டான்."

"இன்னும் தெரியல சார். பார்த்துட்டு சொல்றேன்."

"இன்னும் இன்னா பார்க்கணும்? எல்லாருதும் ஒரே நேரத்துல தானா மாறுமா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். போட்டிக் கம்பெனிக்குப் போகிறார் என்பதற்காக அவருக்கு ஒரு டீ பார்ட்டிகூட வைக்காமல் அனுப்பினார்கள். அந்த வருத்தத்தில் ஒரு மனுஷன் செய்யக்கூடியதுதான் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு ஆபீஸ் காலியாக ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக எங்கள் கம்பெனியில் இரண்டு மணி வரை இடைவேளை. நயீம் சாரும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். போலீஸுக்குக் கொடுக்கும் புகார். விலகிப்போன ஊழியர் இருதயராஜ் வேண்டுமென்றே பாஸ்வேர்டுகளை மாற்றிக் கம்பெனியின் தகவல்களை முடக்கினார் என்று அதில் இருந்தது. அடியில் அவர் பெயர். அதற்குக் கீழே, ஆய்வு செய்து உறுதிப்படுத்தியவர் என்று என் பெயர்.

"ஸ்டேஷன்ல பேசிட்டேன். ரெண்டு மணிக்கு நான் வர்றப்ப கையெழுத்துப் போட்டு ரெடியா வை. அந்தக் கம்பெனிக்கும் ஒரு காப்பி அனுப்பணும். திங்கக்கிழமை அவன எப்படி உள்ள விடுறாங்கன்னு பார்க்கலாம்."

அவர் போனதும் ஆபீஸில் மிஞ்சியது நானும் சகீனா அக்காவும்தான். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பத்து வருடமாக இருப்பவர். புகாரை எட்டிப் படித்துவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இருதயராஜ் அண்ணன் அப்படிப் பண்ண மாட்டாரு விஜயா. காலைல நான் போன் பண்ணேன். கவலப்படாதீங்க, வந்து பார்க்கிறேன்னாரு. தப்பு பண்ணவன் வர்றேன்னு சொல்வானா?"

"அவரு நல்லவருன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதுக்கா. இன்னா நடந்துச்சுன்னுதான் எழுத முடியும்."

கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு, அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஸ்டோரேஜ் பெட்டியின் அட்மின் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று அதில் தெரியும். இருபத்திரண்டு பேரின் பெயரும் வரிசையாக இருந்தன. எல்லோருடைய பாஸ்வேர்டும் ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் போடப்பட்டவை. நேற்று எதுவும் மாறவில்லை. தாளில் இருப்பவை அதற்கும் முந்தைய பழைய பாஸ்வேர்டுகள், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டத்தில் கடைசியாக உள்ளே வந்த நேரம் என்று இருந்தது. சகீனா, ஏழு வருடத்துக்கு முன்னால். நயீம் அகமது, ஏழு வருடத்துக்கு முன்னால். கீழே வரை அதேதான்.

அப்படியானால் இத்தனை வருடம் இவர்கள் எல்லோரும் யாருடைய ஐடியில் உள்ளே போனார்கள்?

சகீனா அக்காவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. இருதயராஜ். அடுத்த மேஜைக்குப் போனேன். இருதயராஜ். அதற்கடுத்ததிலும் அவரேதான். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர், டிஸ்பாட்ச், எதையும் விடவில்லை.

"ஆமா, அவருதானே போட்டுக் குடுத்தாரு," என்றார் சகீனா அக்கா சாதாரணமாக. "புது கம்ப்யூட்டர் வந்தப்ப எல்லாருக்கும் தனித்தனியா பாஸ்வேர்டு குடுத்தாரு. ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. ஒரு நாளைக்கு முப்பது தடவை அவரக் கூப்பிட்டோம். பேஜாராகி, என் பேர்லயே போட்டுடறேன், இனிமே என்னை விட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு."

 அதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை மாலை எச்.ஆரிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. விலகுபவரின் ஐடியை மூட வேண்டும் என்பது அதில் ஐந்தாவது வரி. நான்தான் மூடினேன். ஆறு பத்துக்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து நின்றபடியே அவர் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன். அதற்குள் எல்லோரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் வந்து போட்டதும் இருபத்திரண்டும் இருதயராஜின் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டின. அந்தப் பெயரில் ஆளே இல்லை என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

மணி ஒன்று ஐம்பது. அந்த டிக்கை மறுபடி போட்டேன். சகீனா அக்காவின் திரையில் சிவப்புக் குறி போய் ஃபோல்டர்கள் வந்தன. "வந்துருச்சு," என்று நாற்காலியில் சாய்ந்தார் அவர்.

இப்போது சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். அந்த நிமிடம் எனக்கு முதலில் தோன்றியது இருதயராஜைப் பற்றி இல்லை. திங்கட்கிழமை வரப்போகும் கடிதத்தைப் பற்றி. டிரைவ் வேலை செய்கிறது. நான் சரி செய்தேன் என்று சொன்னால் போதும், எப்படி என்று நயீம் சாருக்குப் புரியப் போவதில்லை. அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். ஐந்து நிமிடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் கேட்டிலிருந்து செக்யூரிட்டி மதியழகன் போன் செய்தார். "மேடம், பழைய ஐடி சார் வந்துருக்காரு. ஜி.எம். சார் சொல்லிட்டுப் போனதால கேட்லயே உட்கார வச்சிருக்கேன். இப்ப ஜி.எம். சாரும் வந்துட்டாரு. நீங்க கொஞ்சம் வாங்க."

தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் கேட்டில் வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிப்பது வழக்கம். தோல் துண்டு, ஷூ சோல் எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பார்கள். அது தையல் பிரிவுக்கும் கட்டிங் பிரிவுக்கும்தான், ஆபீஸ் ஆட்களின் பையை யாரும் தொட மாட்டார்கள். அந்தச் சோதனை மேஜையின் மேல் இருதயராஜின் பை தலைகீழாகக் கொட்டப்பட்டிருந்தது. டிபன் பாக்ஸ், ஸ்க்ரூ டிரைவர், சின்ன துண்டு, மாத்திரை அட்டை, ஒரு ஜெபப் புத்தகம். இடைவேளை முடிந்து திரும்பிய தொழிலாளர்கள் சுற்றிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நயீம் சாரின் விரல்களில் ஒரு பென் டிரைவ் இருந்தது. "இதுல இன்னா எடுத்துட்டுப் போன?"

"அது இந்தப் பொண்ணுக்காகக் கொண்டு வந்தேன் சார். எந்தக் கேபிள் எங்க போவுதுன்னு நேத்து நைட்டு உட்கார்ந்து எழுதினேன். அடிக்கடி கேட்டுச்சு, எழுதித் தராமலே போய்ட்டேன்."

"ஸ்டேஷன்ல இருந்து ஆள் வர்றாங்க. அங்க சொல்லு." என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "கையெழுத்துப் போட்டியா?"

"இல்ல சார். அவரு ஒண்ணும் பண்ணல. டிரைவை நிறுத்தினது நான்தான்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். நேற்று ஆறு பத்து, எச்.ஆர். படிவம், ஐந்தாவது வரி, நான் எடுத்த டிக். எல்லா கம்ப்யூட்டரும் அவர் ஐடியில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதும். "உங்க கம்ப்யூட்டரும்தான் சார். இப்ப எல்லாம் வேலை செய்யுது. அவரு பேர்லதான் செய்யுது."

நயீம் சார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார், பிறகு என்னை. "உன் லெட்டர் விஷயம் திங்கக்கிழமை பேசலாம்," என்றார். ஸ்டேஷனுக்கு போன் செய்து ஆள் வேண்டாம் என்றார். பென் டிரைவை மேஜையில் வைத்துவிட்டு, இருதயராஜின் தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்தினார். "சரி விடு. தப்பா நெனச்சுட்டேன். உள்ள வா, டீ சாப்டுட்டுப் போ."

இருதயராஜ் அசையவில்லை. அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் உயரவே இல்லை.

"டீ வேணாம் சார். பதினோரு வருஷமா இந்தக் கேட்ல போய் வந்திருக்கேன். இன்னைக்கு இவ்ளோ பேருக்கு முன்னாடி என் பையைக் கொட்டினீங்க. இவங்க இருக்கும்போதே திரும்ப எடுத்து வையுங்க."

மதியழகன் சட்டென்று மேஜைப் பக்கம் நகர்ந்தார். இருதயராஜ் தலையை ஆட்டினார். "நீ இல்லப்பா."

  நயீம் சார் தொப்பியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். பிறகு குனிந்து, டிபன் பாக்ஸின் மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, அதை முதலில் பைக்குள் வைத்தார்.