மேசை மேல் அரைக்காணி

சவரிமுத்துவுக்கு மரவேலை தெரியாது. இது வரதராஜன்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியவில்லை. நாலரை வருஷம் பட்டாளத்தில் அஸ்ஸாம் பக்கம் ரோடு போட்டவன். மலையையே வெட்டியவனுக்கு ஒரு கல்யாணமுருங்கைக் கட்டை எம்மாத்திரம் என்று உளியை எடுத்தான். முதல் நாளே இடது கட்டைவிரலில் துணி சுற்றும்படி ஆயிற்று.

உளி இரவல் கொடுத்தவன் அடுத்த கொல்லைக்காரன் நல்லதம்பி. கொடுத்ததற்கு வட்டியாகத் தினமும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போவான்.

"என்னா சவரி இது?"

"மாடு."

"புள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சுதும்பாங்க. உனக்கு மாடு புடிக்கப் போயி பெருச்சாளியில்ல ஆயிருக்கு."

"கொம்பு வெச்சா சரியாப் போயிடும்" என்றான் சவரிமுத்து. கைதான் வரவில்லையே தவிர நம்பிக்கைக்குக் குறைச்சல் இல்லை.

இத்தனை பாடும் மகள் ஞானம்மாவுக்காக. சவரிமுத்து ரயிலேறியபோது அவன் மனைவி மதலேனுக்கு மாசம் மூணு. குழந்தை பிறந்த சேதி கடுதாசியில் வந்தது, பல் முளைத்த சேதி கடுதாசியில் வந்தது, நடந்த சேதியும் அப்படியேதான். லீவு கிடைத்த ஒரே தடவையையும் மலேரியா தின்றுவிட்டது. யுத்தம் முடிந்து, பட்டாளத்தைக் கலைத்து, அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது பிள்ளைக்கு நாலு வயசு. அவள் அவனைப் பார்த்த மாத்திரத்தில் அம்மாவின் முந்தானைக்குள் போனாள். ஒரு மாசமாகியும் வெளியே வரவில்லை.

பிள்ளை மேல் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு அப்பா என்றால் சுவரில் அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் போட்டோ. தொப்பி போட்டு, கன்னம் உப்பி, மீசையை முறுக்கிவிட்டு நிற்கும் ஆள். வந்திறங்கியதோ கன்னம் ஒட்டி, மொட்டைத் தலையும் மழித்த உதடுமாக ஒருவன். ஊரார் அவனைப் பட்டாளத்தாரு என்றார்கள். அவளும் பட்டாளத்தாரு என்றாள். "பட்டாளத்தாரு எப்பம்மா அவங்க வூட்டுக்குப் போவாங்க?" என்று ஒருநாள் அவன் காதில் விழும்படியே கேட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். சாயங்கால ஜெபம்தான் பொறுக்க முடியவில்லை. போட்டோவுக்கு முன்னால் முட்டி போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பட்டாளத்துல இருக்கற எங்கப்பா பத்தரமா வூடு வந்து சேரணும், ஆமென் சேசு" என்பாள். வந்து சேர்ந்தவன் மூணு அடி தள்ளிச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான்.

"ஏன்டி, நீயாவது சொல்லக் கூடாதா?" என்றான் மதலேனிடம்.

"சொல்லாமயா இருக்கேன்? தலைய ஆட்டுது, திரும்பவும் அதையேதான் சொல்லுது. நாலு வருசமா நாந்தான சொல்லிக் குடுத்தேன். ஒரே மாசத்துல மறன்னா எப்புடிங்க மறக்கும்?"

பட்டாளத்தில் கூட இருந்த சிநேகிதன் ஒருவன் திருச்சியில் லாரி ஷெட்டில் வேலை இருப்பதாக எழுதியிருந்தான். வருஷப் பிறப்புக்குள் பதில் போட வேண்டும். "பெத்த புள்ளைக்கே ஆவாதவன் இங்க இருந்து என்ன பண்ணப் போறேன்?" என்றான் சவரிமுத்து. மதலேன் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நாலு வருஷம் ஒற்றைக் கையால் குடும்பத்தைத் தாங்கியவள், இன்னும் தாங்கு என்றால் என்னத்தைச் சொல்லுவாள்? அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் அந்த மேசை ஞாபகம் வந்தது.

அஸ்ஸாமில் ஒரு கூடாரத்துக்குள் துரைமார் பெரிய மேசை ஒன்று வைத்திருந்தார்கள். நாலு பக்கமும் பலகை அடைத்து, உள்ளே மணல் கொட்டி, மலை, ஆறு, பாலம் எல்லாவற்றையும் விரல் உயரத்துக்குச் செய்து வைத்திருப்பார்கள். எங்கே சண்டை, எங்கே ரோடு என்று குச்சியால் தொட்டுக் காட்டுவார்கள். மணல் கூடையைக் கொண்டுபோன சவரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டே நின்று வசவு வாங்கினான். அவன் பார்த்தது சண்டையை இல்லை. அந்த மணலில் தன் அரைக்காணி நிலத்தை வைத்துப் பார்த்தான். இங்கே கிணறு, இங்கே முந்திரி, இங்கே மதலேன். அன்றைக்குத் தன் ரொட்டியைப் பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டான்.

அதே போல ஒன்றை இப்போது மகளுக்குச் செய்தான். கிறிஸ்துமசுக்குக் கொடுப்பதாகத் திட்டம். பட்டாளத்திலிருந்து தன் சாமான்களைக் கொண்டுவந்த மரப்பெட்டியைப் பிரித்தான். பட்டாள எண் எழுதிய பலகை அடியில் போகும்படி பார்த்துக்கொண்டான். பூவரசங் கொம்பில் நாலு கால். ஒரு கால் கட்டையாகப் போனதால் அதற்கடியில் ஓட்டுச் சில்லு. பிள்ளையின் இடுப்பு உயரம். மேலே தன் நிலத்துச் செம்மண்ணையே கொட்டிப் பரப்பினான். கொட்டாங்கச்சியைப் புதைத்துக் கிணறு. பனையோலை வேய்ந்து, வைக்கோல் போட்டு ஒரு மாட்டுக் கொட்டகை. கொம்பு வைத்ததும் நிஜமாகவே மாடாகிவிட்ட ரெண்டு மாடு, அவற்றுக்குப் பின்னால் ஒரு கலப்பை, ஒரு கன்றுக்குட்டி, களிமண்ணில் நாலு கோழி, தலையில் கூடையோடு மதலேன். பாதி மண்ணில் கேவுரு என்கிற கேழ்வரகை விதைத்துத் தண்ணீர் தெளித்தான். அது பண்டிகைக்குள் விரல்கடை உயரம் பச்சென்று வளர்ந்து நின்றது.

ஏர் பிடிக்கும் ஆள் மட்டும் தகராறு. மூணு ஆள் செதுக்கினான். மூணுக்கும் மேழியைப் பிடிக்கிற கை ஒடிந்துபோயிற்று. நாலாவது ஆளைப் பாதியில் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆளில்லாவிட்டால் என்ன, மாடு இருக்கிறதே, பிள்ளை விளையாட அது போதாதா என்று நினைத்தான்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் மேசையை வாசல் அறையில், போட்டோவுக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தான். மதலேன் பிள்ளையைக் கூட்டிவந்தாள். சவரிமுத்துவுக்கு ஏனோ வேர்த்தது. அஸ்ஸாமில் குண்டு விழுந்தபோதுகூட அப்படி வேர்க்கவில்லை.

ஞானம்மா பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள், வைக்கோலைப் பார்த்தாள், மாட்டையும் முளைவிட்ட பயிரையும் பார்த்தாள். கண் பெரிசாயிற்று. சவரிமுத்து மூச்சை இழுத்துப் பிடித்தான். அவள் மெதுவாக மேசைக்கு முன்னால் முட்டி போட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக் கை கூப்பினாள்.

"அம்மா, நம்ம வூட்டுக்கும் குடிலா?"

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. மாடு, வைக்கோல், கொட்டகை, கேவுரு முளைப்பாரி. சேசு பிறந்த கொட்டகை என்று கோயிலில் பண்டிகைக்குக் கட்டும் குடிலும் அச்சு அசல் இதேதான். ஊரில் எந்தப் பிள்ளை பார்த்தாலும் அப்படித்தான் நினைக்கும். ரோடு போடப் போனவனுக்கு மட்டும் ஊர் மறந்துபோயிருந்தது.

"குடில் இல்ல கண்ணு. வெளையாட்டுச் சாமான். மாட்டை எடு, எடுத்து வெளையாடு" என்று ஒரு மாட்டைத் தூக்கி நீட்டினான்.

பிள்ளை பதறிப்போயிற்று. "சாமி மாட்டைத் தொடக் கூடாது! கோயில்பிள்ளை அடிப்பாரு!" கோயிலில் மணியடித்து, குடிலையும் காவல் காப்பவர் கோயில்பிள்ளை.

மதலேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூணு வாரம் விரலை வெட்டிக்கொண்டு செய்தது, கும்பிடத்தான் ஆயிற்று. மாட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். இன்றைக்கே தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கி வருகிறேன், திருச்சிக்கு வருவதாக எழுதிப் போடுகிறேன் என்று மனசுக்குள் முடிவு கட்டினான்.

உள்ளே பிள்ளை வழக்கமான ஜெபத்தைச் சொல்லி முடிப்பது கேட்டது. பிறகு, "அம்மா, ஏரு இருக்கு, மாடு இருக்கு. ஏர் புடிக்க ஆளைக் காணோமே?"

"உங்கப்பாதான் செய்யலயே. நீயே கேளு."

"அது அப்படித்தாம்மா" என்றாள் ஞானம்மா, தெரியாத அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. "கோயில் குடில்லயும் இப்ப சேசுபாலன் இருக்க மாட்டாரு. வந்தப்பறந்தான் சாமியாரு வெப்பாரு. இங்கயும் அப்பா இன்னும் வரல. வந்தாத்தான் வெக்கணும்."

சவரிமுத்து தபாலாபீசுக்குப் போகவில்லை. நல்லதம்பியின் கொல்லைக்குப் போய், இருட்டும் வரைக்கும் அந்த நாலாவது ஆளோடு மல்லுக்கட்டினான். கை ஒடியாமல் வந்தது. "இதாவது ஆளு மாதிரி இருக்கு" என்றான் நல்லதம்பி. அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பண்டிகை அன்று காலையில், பூசைக்குப் போய்வந்த புதுச் சட்டையோடு சவரிமுத்து மேசை பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஞானம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் தூணை விட்டாள்.

"அது ஆரு?"

"ஏர் புடிக்கறவரு."

"எங்கப்பாவா?"

"ஆமா."

அவள் கிட்ட வந்து பொம்மையைப் பார்த்தாள். "அப்பாவுக்கு மீசை இருக்கணுமே."

"வர்றதுக்கு முந்தி காச்சல்ல கெடந்தப்ப ஆஸ்பத்திரியில செரைச்சு வுட்டுட்டாங்க."

அவள் பொம்மையை விட்டுவிட்டு அவன் உதட்டுக்கு மேலே பார்த்தாள். புதிதாக முளைத்த மயிர் அங்கே குச்சி குச்சியாக நின்றது. விரலை நீட்டி, தொடலாமா கூடாதா என்று யோசித்து, தொட்டாள். சவரிமுத்து இமைக்கவும் பயந்தான்.

"மொளைக்குமா?"

"மொளைக்கும். கேவுரு மொளைக்கலயா, அது மாதிரி."

போட்டோவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பொம்மைக்காகக் கையை நீட்டினாள். கலப்பைக்குப் பின்னால், மண்ணில் நன்றாக அழுத்தி, விழாதபடி அவளே நட்டுவைத்தாள். மூணு நாள் சோறு கண்டிராதவன் இலையைப் பார்ப்பதுபோல அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வழக்கம்போல முட்டி போட்டாள். "பட்டாளத்துல இருக்கற எங்கப்பா..." என்று தொடங்கி நிறுத்தினாள். ஒரு கண்ணைத் திறந்து ஏர் பிடிக்கிறவரைப் பார்த்தாள். பிறகு சவரிமுத்துவின் பக்கம் திரும்பினாள். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தாள்.

"வந்துட்டா, அப்பறம் என்ன வேண்டிக்கறது?"

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். அங்கிருந்து மதலேன்தான் சொன்னாள்: "திரும்பப் போவக் கூடாதுன்னு வேண்டிக்க." சொன்னது பிள்ளைக்கு மட்டும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

ஞானம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "போவீங்களாப்பா?"

"போவ மாட்டேன்."

"அப்ப அது வேண்டாம்" என்றாள் அவள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "மழ பெய்யணும், கேவுரு வளரணும், ஆமென் சேசு" என்று முடித்தாள். எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, சாமி மாடு என்றும் பார்க்காமல் மாட்டின் தலையோடு சேர்த்து ஊற்றினாள்.