வீட்டுக்கு ஒரு கை

இலஞ்சியைத் தாண்டி இருக்கும் அந்த ஊரில், ஊர்க்கூட்டம் என்றால் வீட்டுக்கு ஒரு கை. ஆம்பளை தூக்குவார். அவர் ஊரில் இல்லையென்றால் பெண்டாட்டி தூக்கலாம். பாதிப் பேர் போலீசிலும் பட்டாளத்திலும் இருப்பதால் வந்த சட்டம்.

இந்த ஞாயிறு பத்து மணிக்கு ஒரே கேள்வி: கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு பிரித்த வரியில் வாணவேடிக்கை விடுவதா, பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் வைப்பதா?

டீச்சர் வராவிட்டால் முத்துசெல்வி தன் மகள் அனுசியாவைத் தென்காசிக்கு வேனில் அனுப்ப வேண்டும். அனுசியா வேனைப் பார்த்தாலே வாந்தி எடுப்பாள். ஏறவே வேண்டாம், ஹாரன் கேட்டால் போதும்.

"ஒரு வருசம் எடுத்தா பழகிரும்," என்றான் புருசன் பாண்டித்துரை. அவன் கை வேடிக்கைக்கு.

முத்துசெல்வி விரல் விட்டு எண்ணினாள். பட்டாளத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் டீச்சர் பக்கம்தான். அப்படியும் ஐந்து கை குறைந்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊர் வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர். கீழே, 'கூட்டமே இல்ல.'

சீசனில், ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் கூட்டம் இல்லை என்பதை வெளியூர்க்காரன்கூட நம்பமாட்டான். இந்த ஊர்க்காரர்கள் நம்பினார்கள். அருவி தங்களுக்குத்தான் சொந்தம் என்ற நினைப்பு அப்படி. வாசலில் ஹாரன் அடித்தது; குரூப்பில் இல்லாத கூட்டாளியின் வண்டி. "ஏலே பாண்டி, அருவியில கூட்டமே இல்லன்னு எவனோ வீடியோ போட்ருக்கானாம், ஒரு முங்கு போட்டுட்டு ஒம்பதுக்கு வந்துருவோம்!" நனைந்துவிடும் என்று போனைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு, துண்டோடு ஓடினான்.

பத்து மணிக்குக் கூட்டத்தில் ஊர்த்தலைவர் சிவனணைந்தபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வீட்டுக்கு ஆறு ஆம்பளைகள். மற்றதெல்லாம் சேலை.

"அவங்க வரட்டும்."

"ஊர்ல இல்லாத ஆளுக்குப் பெண்டாட்டி கை தூக்கலாம்லா அண்ணாச்சி?" என்றாள் முத்துசெல்வி.

"குத்தாலம் என்னட்டி வெளியூரா?"

"இலஞ்சிக்காரனே வெளியூரு, அவனுக்கு இங்க முதல் மரியாத கிடையாதுன்னு போன கொடையில நீங்கதான சொன்னீக. குத்தாலம் அதுக்கும் அங்கிட்டுல்லா இருக்கு?"

தலைவர் கூட்ட நோட்டைப் புரட்டினார். அதற்குள் முப்பத்தோரு கைகள் உயர்ந்துவிட்டன. டீச்சர்.

ஒரு மணிக்குப் பாண்டித்துரை வந்தான். கையில் ரம்புட்டான் பை. தோளில் காய்ந்த துண்டு.

"குளிச்சீகளா?"

"எங்க குளிக்க? மூணு மணி நேரம் ஒரு கேரளா வண்டிக்குப் பின்னாடியே நின்னோம். முன்ன போனா போலீஸ்காரன் அருவிய அடைச்சிட்டேங்கான். எவம்லே அந்த வீடியோவ போட்டது? கைல கிடைச்சான்னா..."

சார்ஜரில் இருந்து போனை எடுத்தான். குரூப்பில் நூற்றுப் பன்னிரண்டு மெசேஜ். எல்லாம் வசவு. எல்லாமே அவன் பெயருக்கு. போன வருசம் அவனே எடுத்த வீடியோ, காலை ஆறு மணிக்கு அவன் நம்பரில் இருந்தே போயிருந்தது.

முத்துசெல்வி மும்முரமாக ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி..."

"தோலு நல்லா வருது. நீங்களும் ரெண்டு தின்னுங்க," என்றாள்.