இடது தோளில் வால்

அன்று வெற்றிலை மாற்றும்போது இருந்தவர்கள் இவர்கள்: ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வீரய்யா, அவர் மனைவி கருப்பம்மா, கதவுக்குப் பின்னால் அவர்கள் மகள் பாக்கியலெட்சுமி, மாப்பிள்ளையின் தகப்பனாரான மடுல்சீமை சின்னராசா கங்காணி, பதுளையில் துணிக்கடை வைத்திருந்த புஹாரி. வேறு ஒருவரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டவர்கள்.

பதுளைக்கு ரயில் வந்த மறுவருஷம் அது. கொழும்புப் பத்திரிகைகள் ரயிலேறி வந்தன. அவற்றோடு விகடப் படங்களும் வந்தன. பத்து நாளைக்கு முன் வந்த ஒரு இங்கிலீஷ் வாரத்தாளில் ஒரு கங்காணியை வரைந்திருந்தார்கள். கத்தரிக்காய் மூக்கு. இரண்டு காதையும் தாண்டிப் போகும் மீசை. குன்று மாதிரித் தலைப்பாகை. கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும், கட்டைவிரல் உயர வெள்ளைக்காரத் துரை. வீரய்யா கங்காணியேதான் என்று ஹாலிஎலக் கடைத்தெரு சிரித்தது.

யாரும் பார்த்துச் சிரித்துப் பழகாத குடும்பம் அது. அந்தத் தாள் தன் வாசற்படி ஏறக்கூடாது என்று வீரய்யா சொல்லிவிட்டார். சின்னராசா கண்ணில் பட்டால், ஊர் சிரிக்கிற வீட்டில் பெண் எடுப்பாரா?

வெற்றிலைத் தட்டு நடுவில் இருந்தது. மாற்றிக்கொள்வதுதான் பாக்கி. அதற்குள் கூறைச் சேலையைக் காட்டிவிடலாம் என்று புஹாரி பொட்டலத்தை அவிழ்த்தார். கடைக்காரர்கள் எதையும் பழைய தாளில்தான் சுற்றுவார்கள். சேலையைச் சுற்றியிருந்தது அந்தத் தாள்.

வீரய்யா தட்டை நகர்த்திப் படத்தின் மேல் வைத்தார். சின்னராசா தட்டைத் தள்ளிவிட்டுத் தாளை எடுத்தார். தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு இது?"

"பொட்டலத் தாளுங்க," என்றார் வீரய்யா. "யாரோ எவனோ."

"யாரோவா? நல்லாப் பாருங்க. தேர்ச்சீலையில சாமிய எம்புட்டுப் பெருசா எழுதுறாங்க, கும்பிடுறவன எம்புட்டுச் சிறுசா எழுதுறாங்க? இங்க கங்காணி சாமி மாதிரி நிக்கிறாரு. தொரை எலிக்குஞ்சு மாதிரி இருக்காரு. இந்த மரியாதைய யாருக்குக் குடுத்திருக்கான்?" சின்னராசா மீசையை நீவிக்கொண்டார். "எனக்குத்தான். இந்த மீசை வேற எங்க இருக்கு?"

வீரய்யாவுக்குச் சுரீர் என்றது. கோயில் சுவரிலும் அப்படித்தானே எழுதுகிறார்கள்? பத்து நாளாகத் தலைகுனிய வைத்த படம், பெருமையாக மாறிய அதே நிமிஷத்தில் அடுத்தவர் வீட்டுக்குப் போகப் பார்க்கிறது.

"தாள வைங்க. அது நானு."

"இப்பத்தானே யாரோ எவனோன்னீங்க?"

"அடக்கமாச் சொன்னேன்."

"அப்படியே அடக்கமா இருங்க. மூக்கப் பாருங்க, என் மூக்கு."

"உங்க மூக்கு மொளகா. இது கத்தரிக்கா."

புஹாரி தொண்டையைச் செருமினார். "அடியில இங்கிலீஷ்ல என்னமோ எழுதி ஈக்கி. படிச்ச ஆள்கிட்ட கேட்டா..."

"நீங்க சும்மா இருங்க புஹாரி நானா," என்றார்கள் இருவரும்.

அப்போது கருப்பம்மா வாய் திறந்தார். "தலைப்பா வாலு எந்தத் தோள்ல தொங்குது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இடது தோளில் தொங்கியது.

"இருபது வருசமா கஞ்சி போட்டு மடிச்சுக் குடுக்குறவ நான். வால இடது தோள்ல விடுறது இந்த வீட்டு வழக்கம். மாமனாரு காலத்துலேருந்து இருக்கு. உங்க வாலு எங்க இருக்குண்ணே?"

சின்னராசாவின் கை தானாகத் தோளுக்குப் போனது. வலது தோள். கதவுக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. பாக்கியலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னராசாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வீரய்யாவே சிரித்துவிட்டார்.

"பத்திரிகையில ஏறுன வீடு," என்று சின்னராசா தட்டை எடுத்து நீட்டினார். "இங்க எடுக்காம வேற எங்க பொண்ணு எடுக்குறது? ஆனா, கலியாணத்தன்னிக்கு எம்மகனும் வால இடப்பக்கம் விடணும்."

"அதுக்கு நான் சம்மதிக்கணும்."

"சம்மதிங்க."

வீரய்யா சம்மதித்தார். தட்டு மாறியது. படம் கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டப்பட்டது.

அந்தப் படத்தில் இருப்பவர் சின்னராசா கங்காணி என்று மடுல்சீமைப் பக்கம் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. வால் இடது தோளில் இருக்கிறது.