அன்பளிப்பு: பன்னிரண்டு மின்விசிறிகள்

சேலையூர் ஆலயத்தில் ஓடும் பன்னிரண்டு மின்விசிறிகளும் தனசிங் வாங்கிக் கொடுத்தவை. நற்கரம் பைனான்ஸில் மேலாண்மை இயக்குநராகக் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? ஒவ்வொரு இறக்கையிலும் தன் பெயர், பதவி, கம்பெனி எல்லாம் சிவப்பு பெயின்டில் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஓடுகிற விசிறியில் எவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான் என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை.

இப்போது அதுதான் அவருக்கு ஒரே ஆறுதல். பொய்க் கணக்கு காட்டி ஜனங்களின் டெபாசிட்டை முழுங்கியதாக நற்கரத்தின் பெயர் பத்திரிகைகளில் நாறி, அவர் பதவியும் போய் இரண்டு வருடமாகிறது. தெரியாமல் கையெழுத்துப் போட்டார் என்று எழுதி விசாரணையில் விட்டுவிட்டார்கள். முப்பது வருட அனுபவசாலிக்கு ஒன்றுமே தெரியாது என்று கிடைத்த அந்தச் சான்றிதழை அவரும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.

மகள் ஜெரூஷாவைத் தன் மகன் எபிக்குப் பெண் கேட்டு வந்த கோவிலம்பாக்கம் அசரியா வாத்தியாரிடம், சுகர் ஏறியதால் வேலையை விட்டதாகச் சொல்லிவைத்தார். அதைக் காப்பாற்ற மூன்று மாதமாகச் சம்பந்தி வீட்டில் சர்க்கரை இல்லாத டீ. ஜெரூஷாவும் நம்பிவிட்டதால் சொந்த வீட்டிலும் அதே டீ. கல்யாணம் முடியும்வரை நற்கரம் பேச்சு வரக்கூடாது, அதுதான் அவருடைய தினசரி ஜெபம்.

அந்த ஞாயிறு ஆராதனையில் ஜெரூஷாவுக்கும் எபிக்கும் முதல் ஓலை வாசிப்பு, அதாவது சபையார் முன் கல்யாண அறிவிப்பு. அசரியாவும் வந்திருந்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரியுமா என்று போதகர் கேட்கும்போது கரன்ட் போனது. ஜெனரேட்டர் கிடையாது. அதை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவரும் தனசிங்தான். விசிறிகள் மெல்ல நின்றன. முப்பத்தாறு இறக்கைகளிலும் தனசிங். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்த அசரியா, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து நிதானமாகப் படித்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே டீ குடிக்கப் போனார்கள். அசரியா மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை. தனசிங் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் போனார்.

"உக்காருங்க சம்பந்தி. ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு? நற்கரம் விஷயம் ஜெரூஷா முதல் நாளே சொல்லிட்டா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, கூட இருந்தவங்க ஏமாத்திட்டாங்கன்னு அழுதா. நாங்களும் நம்பிட்டோம்."

கரன்ட் வந்தது. மேலே பெயர்கள் கலைந்து சிவப்பு வட்டங்களாயின. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டித்தான் அவர் அவ்வளவு உயரத்துக்கே போனார். ஆனால் தன் பொய்க்காக மகள் இன்னொரு வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும் சம்பந்தி," என்றார். "பொய்க் கணக்குன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். பதவி போயிடும்னு பயம். சுகரும் கிடையாது."

அசரியாவின் பார்வை அவருக்குப் பின்னால் போனது. அங்கே ஜெரூஷா, அப்பாவுக்கென்று தனியாகக் கேட்டு வாங்கிய சர்க்கரை இல்லாத டீயோடு நின்றாள். கண் கலங்கியிருந்தது. கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"சக்கரை போட்டு வாங்கிட்டு வரேன்பா," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அவள் வருகிறாளா என்று தனசிங் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.