எதிர்வீட்டு மீட்டர்

விலை குறைந்ததாகப் பார்த்து மின்சாரக் கம்பெனி மாறுவதில் கிளாஸ்கோவின் கோவன் வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்த குளிர்காலம் அது. செப்டம்பரில் எங்கள் கட்டடம் முழுக்க ஸ்மார்ட் மீட்டர் மாட்டினார்கள். அக்டோபரில் நான் கம்பெனி மாறினேன். அடுத்து வந்த பில், போன வருஷத்தில் பாதிகூட இல்லை. பஸ் டிப்போவில் டீ குடிக்கிற மேசைமேல் அந்தப் பில்லை விரித்து வைத்து எல்லோருக்கும் பாடம் நடத்தினேன்.

"கம்பெனிக்காரன் என்ன நமக்கு மாமனா மச்சானா? ஒருத்தனையே கட்டிக்கிட்டு அழறதுக்கு? வருஷா வருஷம் மாத்துங்கய்யா!"

என் பெயர் செங்கா. இருபத்தேழு வருஷமாகக் கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறேன், வாய் கொஞ்சம் நீளம். முதல் மாடியில் வலது வீடு என்னுடையது. எதிரே இடது வீட்டில் நெட்டாவும் அவள் கணவர் டூகியும். டூகி கப்பல் கட்டும் துறையில் நாற்பது வருஷம் வெல்டராக இருந்தவர். அங்கே தின்ற புகையும் தூசியும் நுரையீரலில் தங்கிவிட்டன. டாக்டர் நெட்டாவிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றே ஒன்று: அவர் உடம்பில் குளிர் ஏறக் கூடாது. எங்கள் கட்டடத்தில் கேஸ் கிடையாது, எல்லோருக்கும் கரண்ட் ஹீட்டர்தான்.

நெட்டாவுக்குக் கடன் என்றாலே ஆகாது. அதனால் அவள் எப்போதும் முன்பணம் கட்டுகிற ஆள். மூலைக்கடையில் கார்டைக் கொடுத்துப் பணம் போடுவாள், தீர்ந்து கரண்ட் நிற்பதற்குள் மறுபடி போடுவாள். புது மீட்டரோடு சமையலறையில் வைக்க ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தார்கள். கரண்ட் குறைவாக ஓடினால் பச்சை, ஏறினால் மஞ்சள், மேலும் ஏறினால் சிவப்பு. முன்பணத்தில் மிச்சம் எவ்வளவு என்பதும் அதில் தெரியும். என்னுடையதை மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டேன். நெட்டா அதன் முன்னாலேயே குடியிருந்தாள்.

"நான் ஒண்ணுமே போடலடி செங்கா. ஆனா இது சிவப்புலயே நிக்குது."

"மெஷின் எதுக்குக் கண்ணு பொய் சொல்லப் போகுது? உன் வீட்டுல ஏதோ ஒண்ணு திருட்டுத்தனமாத் தின்னுது" என்றேன். பெரிய துப்பறிவாளர் மாதிரி அவள் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்க வைத்ததும் நான்தான். பழைய ஃப்ரீசர் போயிற்று. டிவி போயிற்று. டூகி கால்பந்தாட்டத்தை பேட்டரி ரேடியோவில் கேட்க ஆரம்பித்தார். அப்படியும் குறையவில்லை என்றதும் என் போனிலேயே அவளுக்கும் கம்பெனி மாற்றிக் கொடுத்தேன். விலைதான் நாலு காசு குறைந்தது, பெட்டி அதே சிவப்பில் நின்றது.

டூகியிடம் ஒரு கண்ணாடித் தொட்டி நிறைய வெப்பநாட்டு மீன்கள் இருந்தன. தண்ணீருக்கு இரவும் பகலும் ஹீட்டர் ஓட வேண்டும். "அதை எனக்குக் கொடுத்துடுங்க, உங்க கரண்ட் மிச்சம்" என்றேன். அவரே மூச்சு வாங்க வாங்க வாளியில் எடுத்து வந்து என் வரவேற்பறையில் வைத்தார்.

"நான் கப்பலுக்குள்ளயே குளிர் காலத்தைக் கழிச்சவன், எனக்கு ஒண்ணும் ஆகாது. இதுங்க பாவம், குளிர்ல செத்துடும்" என்றார்.

டிசம்பர் வந்தபோது படுக்கையறையில் மட்டும் ஹீட்டர், அதுவும் இரண்டு மணி நேரம். கம்பளித் தொப்பியும் ஓவர்கோட்டுமாக டூகி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பேசினால் வாயிலிருந்து ஆவி வரும். என் வீட்டில் நான் அரைக்கைச் சட்டையோடு இருந்தேன்.

ஜனவரி கடைசியில் இருமல் நிமோனியாவாக முற்றி ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. பத்து நாளில் கொஞ்சம் தேறினார். திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்றார்கள். வார்டு நர்ஸ் நெட்டாவிடம், "வீடு கதகதப்பா இருக்கும்ல? இல்லாட்டி அனுப்ப முடியாது" என்று கேட்டாள். நெட்டா என்னைப் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றாள். டூகிக்கு வீட்டுக்கு வர வேண்டும், வேறு எந்த ஆசையும் இல்லை. கொண்டுவந்து குளிரில் வைத்தால் திரும்ப அங்கேதான் போவார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை எனக்கு விடுமுறை. காலை பத்தரை மணிக்கு யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், கரண்ட் போய்விட்டது. கட்டடத்துக்கே போயிற்று என்று நினைத்துக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவுக் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் தெரிகிறது. தட்டினேன். நெட்டா வாயில் விரல் வைத்து என்னை உள்ளே இழுத்தாள்.

"சத்தம் போடாதே. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சதுல பணம் போட மறந்துட்டேன். அவசரக் கடன் கொடுப்பாங்களே, அதுவும் தீர்ந்துடுச்சு. பெட்டியப் பாரு, பூஜ்யம். ஆனா கரண்ட நிறுத்தல."

"ஏன் நிறுத்தல?"

"இந்த மனுஷன் ஆஸ்பத்திரியில இருக்காருன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. கம்பெனியிலயும் மனுஷங்க இருக்காங்கடி." அவள் கண் கலங்கியிருந்தது.

"நெட்டா, என் வீட்டுல கரண்ட் இல்ல" என்றேன்.

அவள் கார்டை வாங்கிக்கொண்டு மூலைக்கடைக்கு ஓடி இருபது பவுண்டு போட்டு வந்தேன். நின்ற கரண்ட் திரும்ப வர, பணம் போட்ட பிறகு பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். "இப்ப அந்தப் பொத்தானை அழுத்து" என்றேன். அவள் தன் சமையலறைப் பெட்டியில் பொத்தானை அழுத்தினாள். திறந்திருந்த கதவு வழியாக எதிரே பார்த்தோம். என் வீட்டு விளக்குகள் எரிந்தன.

என் துணி உலர்த்தும் மெஷின், என் குளியல் வெந்நீர், ஆளில்லாத அறையில் ஓடின ஹீட்டர், எல்லாம் அவள் கார்டிலிருந்து. டூகி கொடுத்த மீன்களுக்கும் அவளேதான் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் குளிரில் மிச்சம் பிடித்ததெல்லாம் என் பில்லில் குறைந்திருக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். அந்தப் பெண்டாட்டி நான்தான்.

எப்படி நடந்தது என்றும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்க் கட்டடங்களில் படி ஏறி வந்து நிற்பவருக்கு எது வலதோ அதுதான் வலது வீடு. படி பாதியில் திரும்புவதால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது இடது. மீட்டர் மாட்ட வந்தவர் தெற்கே இங்கிலாந்திலிருந்து வந்த ஆள், எங்கள் கணக்கு அவருக்குத் தெரியாது. கீழே மீட்டர் அலமாரியிலிருந்து, "மேடம், நீங்க எந்தப் பக்கம்?" என்று கத்தினார். "வலது!" என்று கத்திவிட்டு நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இறங்கிப் போய்க் காட்ட எனக்குச் சோம்பல். அவர் தெருக் கணக்கில் நெட்டா வீட்டு மீட்டரை என் பேரிலும் என் வீட்டு மீட்டரை அவள் பேரிலும் பதிந்துவிட்டார்.

போன் போட்டேன். என் கம்பெனிப் பெண், பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவள் மாதிரி, "செங்கா, கவலப்படாதீங்க செங்கா" என்றாள். "ஆனா உங்க பக்கத்து வீட்டு மீட்டர் எங்க கம்பெனிது இல்லையே. அவங்கதான் ஆரம்பிக்கணும்."

நெட்டாவின் கம்பெனி, நான் ஆரம்பிக்க வேண்டும் என்றது. மறுநாள் ஒருவரை அனுப்பினார்கள். அலமாரிச் சாவி கட்டட நிர்வாக ஆபீசில், ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வந்தவர் 'உள்ளே விடவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். மறுபடி கூப்பிட்டால் ஆறு வாரம் என்றார்கள். கத்தினேன், கெஞ்சினேன், முப்பது வருஷத்தில் அழாத அழுகை அழுதேன். "உங்க வருத்தம் புரியுது செங்கா" என்றாள் அந்தப் பெண். நிஜமாகவே புரிந்திருக்கும், அவளால் என்ன செய்ய முடியும்?

"அவங்க கெடக்கறாங்க விடு. உன் வீட்டு ஹீட்டரெல்லாம் போடு, என் பில்லுலதான் ஏறும். போடு!" என்றேன் நெட்டாவிடம். அவள் கை சுவிட்சுக்குப் போகவில்லை. நானே அறை அறையாகப் போய்ப் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீடு ரொட்டி அடுப்பு போலச் சூடாக இருந்தது. நெட்டா டூகியின் நாற்காலியை ஹீட்டர் பக்கம் திருப்பிப் போட்டாள். படுக்கைக்குப் புது விரிப்பு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை டூகி ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். நிமோனியா திரும்பிவிட்டது என்றார்கள். குளிரால்தானா என்று நெட்டா கேட்டாள். அவர் நுரையீரல் ஏற்கனவே அப்படி, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆறு வாரம் என்றவர்கள் ஏழாவது வாரம் வந்தார்கள். அலமாரியைத் திறந்து சரிபார்த்து, கம்ப்யூட்டரில் இரண்டு மீட்டர் எண்களையும் மாற்றியடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. நெட்டாவுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையை அவள் மீட்டரிலேயே வரவு வைத்தார்கள். அந்தச் செய்தியோடு நான் போனபோது அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி பச்சையில் இருந்தது.

"செங்கா, உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

"கேளு கண்ணு."

"ஜனவரி பதினாறு, வியாழக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். இந்த மனுஷன் குளிர்காலம் பூரா ஒரே ஒரு தடவதான் வாய்விட்டுக் கேட்டாரு. 'நெட்டா, ஒரு அஞ்சு நிமிஷம் அதைப் போடேன்'னு. நான் திரும்பிப் பெட்டியப் பார்த்தேன். நல்ல சிவப்பு. 'எல்லாம் உன்னாலதான் இந்தச் செலவு'ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவரு கேட்கவே இல்ல."

அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினாள்.

"அந்த நேரம் நீ என்ன போட்டிருந்தே?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. அந்த வாரம் எனக்கு எந்த ஷிஃப்ட், வீட்டில் இருந்தேனா, துவைத்தேனா, ஏதாவது சுட்டேனா என்று மூளையைக் கசக்கினேன். அவளுக்கு எதையாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, அதுவும் உண்மையாக இருக்க வேண்டும். எத்தனையோ சாயங்காலங்களில் அதுவும் ஒன்று. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

"தெரியலயே நெட்டா" என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.